சுவரில் சாய்த்து வைத்த மண்வெட்டி

சென்ற ஆண்டு தை மாதம் ஓசூரில் சொந்த வீடு கட்டிக் குடிபோனோம். பூர்விகம் விருதுநகர் பக்கம். இருபது வருடமாக இங்கே ஒரு தொழிற்சாலையில், தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் வேலை பார்க்கிறேன். பொருளில் குறை வந்தால் ‘ஏன்?’ என்று ஐந்து முறை கேட்டு, ஆணிவேர் வரை போய்ப் படிவத்தில் எழுத வேண்டும். அதில் எனக்கு நல்ல பெயர். கூடவே கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

கார் ஏறுவதற்காக, தெருக் கால்வாயின் மேல் ஸ்லாப் போட்டு, கருப்பு கிரானைட் பதித்து ராம்ப் கட்டினேன். மழையில் வழுக்கும் என்று மனைவி சொன்னதைக் காதில் வாங்கவில்லை. புதுமனைப் புகுவிழாவன்று விடியற்காலையில் பார்த்தால், வாசல் இன்னும் பலகையும் சிமெண்ட் மூட்டையுமாகக் கிடந்தது. “சொந்தக்காரங்க வர்ற நேரம். கண்ணுக்குத் தெரியாம எங்கயாவது தள்ளிவிடுங்கப்பா” என்று கொத்தனாரிடம் கத்தினேன். அப்படிச் சொன்னதையே பிறகு மறந்துவிட்டேன்.

சித்திரையில் கோடை மழை பிடித்ததும், வாசலை ஒட்டிக் கால்வாயில் தண்ணீர் நின்றது. கொசு என்றால் அப்படிக் கொசு. என் சின்ன மகளுக்குக் காய்ச்சல் வந்து இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். எனக்குக் கோபம் தலைக்கேறியது. மாநகராட்சியின் புகார் செயலியில் எழுத ஆரம்பித்தவன் நிறுத்தவே இல்லை.

எங்கள் தெருவுக்கு வந்த தூய்மைப் பணியாளருக்கு ஐம்பது வயது இருக்கும். வீட்டில் தெலுங்கு பேசுகிறவர். ஒப்பந்தக்காரரிடம் வேலை. புகாருக்குப் புகார் வந்து சேற்றை வாரிப் போட்டார். மறு மழைக்குத் தண்ணீர் திரும்பவும் நின்றது. ஒரு நாள் தயங்கித் தயங்கிச் சொன்னார்.

“சார், தப்பா நெனச்சிக்காதீங்க. இந்த ஸ்லாப்ப தூக்குனாத்தான் சார் தெரியும். உள்ள என்னமோ மாட்டிக்கினு இருக்குது.”

“கிரானைட் போட்டு நாலு மாசம்கூட ஆகல. உங்க வேலைய ஒழுங்கா செய்யுங்க, போதும்” என்றேன். அவர் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு மறுபடி கால்வாயில் இறங்கினார்.

ராம்ப்புக்கு அந்தப் பக்கம் கால்வாய் காய்ந்து கிடந்ததை நானும் தினமும் பார்த்தேன். தொழிற்சாலையில் அப்படி ஒன்றைப் பார்த்திருந்தால் ஒரே நிமிடத்தில் காரணம் சொல்லியிருப்பேன்.

எனக்கு இரண்டாம் ஷிப்ட் வாரம். ஒரு காலை பத்து மணிக்கு வெளியே வந்தால், அவருடைய மண்வெட்டி மட்டும் சுவரில் சாய்ந்திருந்தது. ஆளைக் காணோம். மறுநாளும் அப்படித்தான். மூன்று நாள் படம் எடுத்தேன். கம்பெனிப் படிவத்தைப் போலவே ஒன்று தயாரித்தேன். கொசு ஏன்? தண்ணீர் நிற்கிறது. அது ஏன்? அடைப்பு. அது ஏன்? சரியாகத் தூர் வாரவில்லை. அது ஏன்? பணி நேரத்தில் ஆள் இல்லை. அது ஏன்? கண்காணிப்பு இல்லை. படங்களோடு அனுப்பிவைத்தேன்.

“கம்பெனியில ரிஜெக்ட் பண்றது பத்தாதுன்னு ஊரையே ரிஜெக்ட் பண்றீங்க” என்று மனைவி சிரித்தாள். நானும் சிரித்தேன்.

அடுத்த வாரம் வேறு ஆள் வந்தார். நம் படிவத்துக்கு மரியாதை இருக்கிறதே என்று பெருமைதான் பட்டேன்.

ஐப்பசியில் ஒரு நாள் கொட்டிய மழையில் தண்ணீர் என் வீட்டுக்குள்ளேயே ஏறிவிட்டது. வேறு வழியில்லாமல் ஆள் வைத்து ராம்ப்பை உடைத்தேன். உள்ளே கல்லாக இறுகிப்போன இரண்டு சிமெண்ட் மூட்டைகள், குறுக்கே ஒரு பலகை. விழாவன்று காலை நான் போட்ட கூச்சல் அப்போதுதான் ஞாபகம் வந்தது. எல்லாவற்றையும் வெளியே இழுத்ததும் தண்ணீர் கடகடவென்று ஓடியது. வெட்கத்தில் எனக்கு முகம் எரிந்தது.

புதிய பணியாளரிடம் பழையவரைப் பற்றி விசாரித்தேன்.

“அவரையா சார்? ஏதோ போட்டோ கம்ப்ளைண்ட்னு ஊரோட அந்தக் கோடிக்கு மாத்திட்டாங்க. அவரு வீடு பின்னாடி தெருதான். சம்சாரத்துக்கு வாதம் வந்து படுத்துக்கினு இருக்காங்க. பத்து மணிக்கு ஓடிப்போய் அந்தம்மாவுக்கு ஊட்டிட்டு கால் மணியில வந்துடுவாரு. எங்க மேஸ்திரிக்கும் தெரியும்.”

மண்வெட்டி மட்டும் நின்றிருந்த அந்தக் கால் மணி நேரத்தைத்தான் நான் மூன்று நாள் படம் எடுத்திருக்கிறேன்.

ஞாயிறு பார்த்துப் போயிருந்தால் அவரே இருந்திருப்பார். அவர் முகத்தைப் பார்க்கப் பயந்து, ஒரு வேலைநாளில் லீவு போட்டு, ஆரஞ்சுப் பழங்களோடு போனேன். ஒற்றை அறை. கதவு திறந்தே இருந்தது. கட்டிலில் அந்த அம்மாள். வலது கையும் காலும் அசையவில்லை. தட்டில் மூடி வைத்த சோறு அப்படியே இருந்தது. தெருக்காரர் என்று மட்டும் சொல்லிக்கொண்டேன்.

“அவரு சாயங்காலம்தான் சார் வருவாரு. முன்னாடி பக்கத்துலயே வேல. யாரோ போட்டோ புடிச்சி அனுப்பிட்டாங்களாம்” என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் அவரே தொடர்ந்தார். “அவங்களச் சொல்லி என்னா சார்? தண்ணி நின்னா கொசு கடிக்கும்ல. பிள்ளைங்க இருக்கிற வீடா இருக்கும்.”

பழப் பையைக் கட்டில் ஓரமாக வைத்தேன். கிளம்பும்போது, “அந்தச் சொம்ப கொஞ்சம் கிட்ட வெச்சிட்டுப் போங்க சார்” என்றார். வைத்தேன். தெருமுனை வந்த பிறகுதான், ஒரு கையால் ஆரஞ்சை எப்படி உரிப்பார் என்று உறைத்தது. திரும்பிப் போய் உரித்துக் கொடுக்கவும் எனக்குத் துணிவில்லை.

தவறு என்னுடையதுதான், அவரைத் திரும்ப இங்கேயே போடுங்கள் என்று மாநகராட்சி அலுவலகத்தில் எழுதிக் கொடுத்தேன். புகார் முடிந்துவிட்டது, ஆள் போடுவது ஒப்பந்தக்காரர் பாடு என்றார்கள். ஒப்பந்தக்காரரோ, பார்க்கலாம் சார் என்பதோடு சரி. தை பிறந்துவிட்டது. அவர் இன்னும் அந்தக் கோடியில்தான் இருக்கிறார்.

எங்கள் வாசலில் இப்போது கிரானைட் இல்லை. தூக்கிப் பார்க்க வசதியாக இரும்புக் கம்பித் தட்டி போட்டிருக்கிறேன். தண்ணீர் நிற்பதில்லை. ஆனால் காலை பத்து மணி ஆனால் என் கண் தானாகக் கடிகாரத்துக்குப் போகிறது. எதற்கும் ஐந்து முறை ‘ஏன்’ என்று கேட்கத் தெரிந்த எனக்கு, அந்தக் கட்டில் பக்கத்தில் நின்று ‘நான்தான் அம்மா’ என்று ஒரே ஒரு முறை சொல்ல வாய் வரவில்லை.