பாதிப் பேச்சில் அணைந்த லேப்டாப்

எங்கள் மாவு மில் ராபர்ட்சன்பேட்டை பஜாரில் இருக்கிறது. கீழே மில், மேலே வீடு. ஞாயிற்றுக்கிழமை மதியம் மில்லுக்கு லீவு. கணவர் சாப்பிட்டுவிட்டுப் படுத்துவிடுவார். அந்த நேரத்தில் நான் லாரி ஓட்டுவேன்.

நிஜ லாரி இல்லை, கேம். பெங்களூரில் இருக்கும் என் தங்கச்சிதான் பழக்கிவிட்டாள். அவள் புது லேப்டாப் வாங்கியபோது, தன் பழைய கேமிங் லேப்டாப்பை எனக்குக் கொடுத்தாள். செங்கல் மாதிரி கனம். அவள் அங்கிருந்து ஒரு லாரியை ஓட்டுவாள், நான் இங்கிருந்து இன்னொன்றை. ஒரே சாலையில் முன்னும் பின்னுமாகப் போவோம். காதில் மைக் மாட்டிக்கொண்டு, குழம்பு என்ன வைத்தாய் என்பதில் ஆரம்பித்து ஊர்க்கதை எல்லாம் பேசுவோம். நாற்பத்தாறு வயதில் நான் இருபது டன் சரக்கை மலைப்பாதையில் ஏற்றக் கற்றுக்கொண்டது இப்படித்தான்.

பிறகு ஒரு சண்டை வந்தது. அவள் வீட்டு விசேஷத்துக்குப் போயிருந்தேன். அவளுடைய ஆபீஸ்காரர்கள் நடுவில், "எங்க அக்கா தெருமுனைல வர்றப்பவே மிளகாய்த்தூள் நெடி வந்துடும்" என்று விளையாட்டாகச் சொன்னாள். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிறகு, தலைவலி என்று பொய் சொல்லிவிட்டு, இலையில் உட்காராமலே ரயில் ஏறி வந்துவிட்டேன்.

இரண்டு மாதம் பேச்சு இல்லை. ஆனால் லாரி மட்டும் நிற்கவில்லை. ஞாயிறு இரண்டு மணிக்கு நான் கேமைத் திறந்தால் அவள் லாரி அங்கே நிற்கும். இருவருமே மைக்கைப் போடுவதில்லை. அவள் இன்டிகேட்டர் போட்டால் நான் திரும்புவேன். நான் பின்தங்கினால் அவள் ஓரமாக நிறுத்திக் காத்திருப்பாள். பக்கத்தில் போய் ஒரு தடவை ஹாரன் அடிப்பேன். அவ்வளவுதான் எங்கள் உறவு.

அந்த நாட்களிலேயே லேப்டாப் சூடாக ஆரம்பித்திருந்தது. கீபோர்டில் விரல் வைக்க முடியாது. ஃபேன் சத்தத்தில் கணவர் தூக்கம் கலைந்து, கீழே மில்லை யாரோ ஓட்டுகிறார்கள் என்று நினைத்து எழுந்து உட்கார்ந்திருக்கிறார். நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஒரு ஞாயிறு, சாலையில் பாதி தூரம் போயிருப்போம். காதில் கரகரவென்று சத்தம். தங்கச்சி மைக்கைப் போட்டிருந்தாள்.

"அக்கா, அன்னிக்கி நான் சொன்னது..."

அத்தோடு திரை கறுத்தது. லேப்டாப் மொத்தமாக அணைந்துவிட்டது.

பட்டனை அமுக்கி அமுக்கிப் பார்த்தேன். சூடு ஆறும்வரை அது உயிர் பெறவில்லை. மறுபடி திறந்தபோது அவள் லாரியைக் காணோம். போன் செய்தேன், எடுக்கவில்லை. இன்னொரு முறை செய்தேன், கட் செய்தாள். அவள் மன்னிப்புக் கேட்க வாயெடுத்ததும் நான் வேண்டுமென்றே அணைத்துவிட்டேன் என்று நினைத்திருக்கிறாள். அவள் இடத்தில் நான் இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பேன்.

மறுநாளே வைத்தியம் தொடங்கினேன். முதல் தப்பு என்னுடையதே. லேப்டாப்பைத் தலையணை மேல் வைத்து விளையாடிக்கொண்டிருந்தேன். அடியில் காற்று போகிற துளைகளைத் தலையணை அடைத்துக்கொள்ளும் என்பது தோன்றவே இல்லை. மேசை மேல் வைத்து, பின்பக்கத்துக்கு இரண்டு மரக்கட்டைகள் முட்டுக் கொடுத்தேன். கேமில் படத்தின் தரத்தைக் குறைத்தேன். மரங்கள் பச்சை அட்டைபோல் ஆயின. சூட்டைக் காட்டும் ஒரு மென்பொருளையும் போட்டுவைத்தேன். பத்து நிமிடம் ஓட்டியதும் தொண்ணூற்றெட்டு டிகிரி காட்டியது. மறுபடி அணைந்தது.

பார்த்துக்கொண்டிருந்த கணவர், பேப்பரில் ஒரு துண்டு கிழித்துக் காற்று வெளியே வருகிற இடத்தில் பிடித்தார். இடப்பக்கம் துண்டு லேசாக ஆடியது. வலப்பக்கம் அசையவே இல்லை.

"ரெண்டு ஃபேன் கீது. ஒண்ணு தூங்குது, இன்னொண்ணு மூச்சு முட்டிக்கினு கீது" என்றார்.

மில் மோட்டாரைப் பிரித்துப் பூட்டுகிற கை அவருடையது. லேப்டாப்பைக் குப்புறப் போட்டு, ஸ்க்ரூக்களை ஒவ்வொன்றாகக் கழற்றி, எந்த ஸ்க்ரூ எந்த இடம் என்று ஒரு அட்டையில் படம் வரைந்து குத்திவைத்தார். மூடியைத் தூக்கி உள்ளே டார்ச் அடித்தார். ஃபேனுக்கும் அதன் எதிரே இருக்கும் மெல்லிய செம்புத் தகடுகளுக்கும் நடுவே கம்பளித்துண்டு போல ஒன்று படிந்திருந்தது. சாம்பல் நிறம், நடுவில் சிவப்பு ரேகைகள். கேழ்வரகு மாவு, அரிசி மாவு, மிளகாய்த்தூள் என்று கீழே அரைத்ததெல்லாம் மேலே வந்து அங்கே குடியிருந்தது.

அதை ஒரு போட்டோ எடுத்துத் தங்கச்சிக்கு அனுப்பினேன். கீழே, "உன்ன கட் பண்ணது நான் இல்ல, இது" என்று எழுதினேன்.

கணவர் மில்லில் மோட்டார் சுத்தம் செய்யும் ப்ளோயரை எடுத்துவந்தார். காற்று வேகத்தில் ஃபேன் தாறுமாறாகச் சுற்றினால் கெட்டுவிடும் என்று படித்திருந்ததால், இறக்கை சுற்றாமல் ஒரு பல்குச்சியை வைத்துப் பிடித்துக்கொண்டேன். ஆனால் அதை வீட்டுக்குள் வைத்து ஊதியது மடத்தனம். மிளகாய்த்தூள் அறை முழுக்கப் பறந்தது. அவர் பதினோரு தும்மல் தும்மினார், நான் எண்ணினேன். பிறகு என்னால் எண்ண முடியவில்லை, எனக்கும் ஆரம்பித்துவிட்டது. கேழ்வரகு அரைக்க வந்திருந்த ஒரு அம்மா கீழிருந்து, என்ன ஆச்சு என்று கன்னடத்தில், "ஏனாயித்து?" எனக் கேட்டார்கள். இருவரும் பதிலுக்குத் தும்மினோம்.

இடது ஃபேன் பிழைத்தது. வலது ஃபேனைக் கையால் சுற்றினாலும் நகர மறுத்தது. புதிதாகத்தான் போடவேண்டும். இங்கே பஜாரில் கேட்டேன், அந்த மாடலுக்கு இல்லை என்றார்கள்.

சாயங்காலம் தங்கச்சியிடமிருந்து மெசேஜ் வந்தது. சமாதானமும் இல்லை, கோபமும் இல்லை. "எந்தப் பக்கம் ஃபேன்? மேல இருக்கிற நம்பரை போட்டோ எடு."

சனிக்கிழமை மதிய ரயிலில் அவளே வந்தாள். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே ஃபேன் டப்பாவை நீட்டினாள். ஃபேனோடு, சூட்டைக் கடத்துவதற்காகச் சிப் மேல் தடவுகிற பசையையும் வாங்கி வந்திருந்தாள். பழைய பசை காய்ந்து பொருக்காகியிருந்தது. அதைத் துணியால் துடைத்து, புதிதாகப் பட்டாணி அளவு வைத்து, கணவர் ஸ்க்ரூக்களை முடுக்கினார். நாங்கள் இருவரும் ஆளுக்கொரு பக்கம் டார்ச் பிடித்தோம்.

அவள் லேப்டாப்பைப் பார்த்தபடியே சொன்னாள்: "அன்னிக்கி நான் அப்டி சொல்லியிருக்கக் கூடாதுக்கா. நீ சாப்டாம போனது எனக்கு சாயந்தரம்தான் தெரிஞ்சுது. அதுக்கப்புறம் எனக்கும் எறங்கல."

இரண்டு மாதமாக நான் மனதுக்குள் நீளமாக ஒரு பதில் தயார் செய்து வைத்திருந்தேன்.

"ஏன் போன் எடுக்கல?" என்று மட்டும் கேட்டேன்.

"நீ திட்டுவேன்னு பயம்."

"திட்டத்தான் போன் போட்டேன்" என்றேன். அது பொய். அவளுக்கும் அது தெரியும்.

கணவர் தலையைத் தூக்காமல், டார்ச்சைக் கொஞ்சம் ஒழுங்காகப் பிடிக்கச் சொன்னார்.

மூடியைப் பூட்டி லேப்டாப்பைப் போட்டதும் பேப்பர் துண்டு இரண்டு பக்கமும் படபடத்தது. அரைமணி நேரம் மலைப்பாதையில் ஓட்டினோம். எண்பத்திரண்டு டிகிரி, அதற்கு மேல் ஏறவில்லை. படத்தின் தரத்தைக் கூட்டினேன், மரங்களுக்கு இலை திரும்ப வந்தது. தங்கச்சியை ஸ்டியரிங்கில் உட்கார வைத்துவிட்டு நான் போய் மீன் கழுவினேன். அன்று மூவரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டோம். அவள் இரண்டு தடவை சோறு போட்டுக்கொண்டாள்.

இப்போது லேப்டாப் தெருப்பக்கத்து அறையில், கதவு மூடிய இடத்தில் இருக்கிறது. தேய்ந்த மில் கல்லைக் கொத்திச் சரிசெய்கிற நாளில் கணவர் லேப்டாப்பையும் மொட்டை மாடிக்குக் கொண்டுபோய்த் திறந்து ஊதுகிறார். மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு, காற்று அடிக்கும் திசை பார்த்துத்தான்.