போனில் எடுத்த கல்யாணப் புடவை

கள்ளக்குறிச்சியில் நான் வேலை பார்த்த ஜவுளிக் கடையின் முதலாளியை ஊரே பாய் என்றுதான் கூப்பிடும். அவர் பேச ஆரம்பித்தால் புடவை தானாகவே பைக்குள் போய்விடும் என்பார்கள். வெறும் ஊதா என்று ஒரு நாளும் சொல்ல மாட்டார், கத்திரிப்பூ என்பார். இளஞ்சிவப்பு அவர் வாயில் வெங்காயச் சருகாகிவிடும்.

இடஒதுக்கீட்டுப் போராட்டம் நடந்த சமயம். ஒரு நாள் சாலை மறியல். உளுந்தூர்பேட்டைப் பக்கமிருந்து பஸ் வரவில்லை, மலைக்குப் போகிற பஸ்ஸும் நகரவில்லை. கல்யாணப் புடவை எடுக்கக் கல்வராயன் மலையிலிருந்து வருவதாக இருந்த குடும்பம் அங்கேயே நின்றுவிட்டது.

"வீடியோல காட்டுங்க பாய், பாத்து எடுத்துக்கறோம்" என்று கல்யாணப் பெண் போன் செய்தாள்.

பாய்க்கு ஒரே உற்சாகம். துணிக்கட்டின் மேல் போனைச் சாய்த்து நிறுத்தினார். நான் புடவையை விரிக்க, அவர் பக்கத்தில் நின்று பேச்சை ஆரம்பித்தார்.

மலையில் சிக்னல் கம்மி. குரல் உடனே போய்ச் சேர்ந்தது. படம் ஆடி அசைந்துதான் போனது. இவர் அடுத்த புடவைக்குத் தாவியிருப்பார், அங்கே பழைய புடவையே தெரியும்.

"மயில்கழுத்துன்றீங்க, இங்க மஞ்சளாதான் தெரியுது பாய்."

"மஞ்சளா? நல்லா பாரும்மா!"

சத்தமாகப் பேசினால் படமும் வேகமாகப் போகும் என்று நினைத்தாரோ என்னவோ, தொண்டை கட்டுகிற அளவுக்குக் கத்தினார். கடைசியில் பெண்ணின் அத்தை போனை வாங்கினார். "பாய், கொஞ்ச நேரம் பேசாம காட்டுங்களேன்."

அந்தக் கடையில் அவரிடம் அப்படிச் சொன்னவர் யாருமில்லை. நாங்கள் சிரிப்பை மறைக்க அலமாரிப் பக்கம் திரும்பிக்கொண்டோம்.

அதன்பிறகு ஒரு ஒழுங்கு வந்தது. நான் புடவையைத் தோளில் போட்டுக்கொண்டு அசையாமல் நிற்பேன். அங்கிருந்து "வந்துடுச்சி" என்று குரல் வந்த பிறகுதான் பாய் வாயைத் திறக்கலாம். அதுவரை, தண்ணீருக்குள் மூச்சடக்கி இருப்பவர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு நிற்பார். முகூர்த்தப் பட்டு அப்படித்தான் முடிவானது.

அடுத்து மறுவீட்டுக்கு ஒரு புடவை. மேல் தட்டிலிருந்து எடுக்க நான் எட்டினேன். அங்கே படம் அப்படியே நின்றுவிட்டது.

"அதான் பாய்! அந்தப் பச்சை, மெரூன் பார்டர்!"

பாய் மேஜையெல்லாம் தேடினார். பிறகு என்னைப் பார்த்தார். "அது இந்தப் பொண்ணு கட்டிக்கினு இருக்கறதும்மா."

"அதே மாதிரி ஒண்ணு குடுங்க."

"நம்ம கடைல இத எப்ப எடுத்த?" என்று என்னைக் கேட்டார்.

"எதுத்த கடைல, பாய். தீபாவளிக்கு."

மெதுவாகத்தான் சொன்னேன். ஆனால் குரலுக்குத்தான் சிக்னல் குறையில்லையே. மலையில் ஒரு கூட்டமே சிரித்தது.

கேட்டதை இல்லையென்று சொல்வது பாய்க்குப் பழக்கமில்லை. என்னையே எதிர்க் கடைக்கு அனுப்பினார். அங்கிருந்த முதலாளி கேட்டார்: "இன்னாம்மா, உங்க பாய் கடைல புடவையெல்லாம் தீந்துபோச்சா?"

"பை வேணாங்கண்ணே, புடவை மட்டும் குடுங்க" என்று வாங்கி வந்தேன். பையில் அவர்கள் கடைப் பெயர் இருக்குமே.

பஸ் ஓட ஆரம்பித்ததும் கண்டக்டரிடம் பார்சலைக் கொடுத்துவிட்டோம். சாயங்காலம் பெண் வீடியோவில் கூப்பிட்டாள். படம் பளிச்சென்று வந்தது, குரல்தான் வரவில்லை. பச்சைப் புடவையைத் தோளில் போட்டுக்கொண்டு ஏதோ சொன்னாள், கையைத் தொட்டுக் காட்டினாள்.

"உனக்குன்னே நெய்த மாதிரி இருக்குதும்மா!" என்றார் பாய். அவள் இல்லையென்று தலையை ஆட்டினாள். "வெக்கப்படுது பாருங்க" என்று எங்களிடம் சொன்னார்.

வீடியோ அழைப்பு அறுந்து, சாதாரண போன் வந்தது.

"பாய், ரவிக்கைத் துணி எங்க?"

அது பார்சலில் சேராமல் எங்கள் மேஜை மேலேயே கிடந்தது. பாய் போனை என்னிடம் நீட்டினார். மறுநாள் முதல் பஸ்ஸில் அனுப்புகிறோம் என்று நான்தான் சொன்னேன்.