மீன் வண்டிக்கு ஒரு கேம் ஷாஃப்ட்

“அஞ்சாயிரம் தாண்டிச்சி, போடு.”

ஜெசிந்தா சொன்னதும், பக்கத்துச் சீட்டில் தூங்கி வழிந்துகொண்டிருக்கும் தேவசகாயம் சட்டைப் பையிலிருந்து ஒரு ஈயக்குண்டை எடுத்து, தொடைகளுக்கு நடுவே இடுக்கியிருக்கும் டம்ளரில் போடுகிறார். வலையின் அடியில் கட்டுகிற சின்னக் குண்டு. விடியற்காலையில் கடலிலிருந்து திரும்பிய மனுஷன் அவர். “தூங்க வுடாம குண்டு போட வச்சிகினு கீது” என்று என்னிடம் முறையிடுகிறார். புருஷன் புகாரை ஜெசிந்தா காதில் வாங்குவதில்லை. அவர் கண் சாலையிலும், எஞ்சின் எத்தனை சுற்று சுற்றுகிறது என்று காட்டும் முள்ளிலும் இருக்கிறது.

பின்சீட்டில் நான், மடியில் நண்டுப் பெட்டி. என் அலுவலகம் செங்கல்பட்டில். தினமும் கோவளத்திலிருந்து இவர்கள் வண்டியில் ஓசிப் பயணம். ஓசி என்று நினைத்ததுதான் என் முட்டாள்தனம். மத்தியானம் வரைக்கும் அலுவலகத்தில் ஒருத்தரும் என் பக்கத்தில் வந்து உட்காருவதில்லை.

ஜெசிந்தாவுக்கு நாற்பத்தொரு வயது. கோவளம் கரையில் படகு எஞ்சின் பழுது பார்க்கும் பட்டறை வைத்திருக்கிறார். காலையில் செங்கல்பட்டு ஓட்டல்களுக்கு இறாலும் நண்டும் இறக்கிவிட்டு, பத்து மணிக்கெல்லாம் திரும்பி வந்து ஸ்பேனரைப் பிடிப்பார். சுடிதாருக்கு மேல் எப்போதும் தேவசகாயத்தின் பழைய முழுக்கைச் சட்டை. எஞ்சினை “வா நைனா, போ நைனா” என்று கொஞ்சுவார். மனிதர்களுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. என்னை “யோவ் ஆபீஸு” என்றுதான் கூப்பிடுகிறார்.

வண்டி பழைய எஸ்டீம் கார். வருஷம் முழுக்க மீன் சுமக்கும். வருஷத்தில் ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை, திருப்போரூர்ப் பக்கத்துப் பொட்டலில் நடக்கும் மண் பந்தயத்துக்குப் போகும். கூம்புகளைச் சுற்றிச் சுற்றி, ஒவ்வொரு வண்டியாகக் கடிகாரத்தோடு போட்டி போட வேண்டும். போன வருஷம் ஜெசிந்தா அதில் ஓடவே இல்லை. ஆரம்பக் கோட்டில் நிற்கும்போதே எஞ்சின் அணைந்துவிட்டது. மூன்று தடவை சாவியைத் திருகினார். கடைசியில் நாலு பேர் வண்டியைத் தள்ளி ஓரம் கட்டினார்கள். அதில் ஒருவன் ஜன்னலுக்குள் மூக்கை நீட்டி, “இன்னாக்கா, ஐஸ் கொறஞ்சி பூட்ச்சா?” என்று கேட்டானாம். இதைச் சொல்லும்போது இன்றைக்கும் அவர் குரல் நடுங்குகிறது. கோபத்தில்தான்.

எல்லாம் ஒரு கேம் ஷாஃப்ட் செய்த வேலை. எஞ்சின் மூச்சு விடுகிற வால்வுகளை எப்போது திறக்க வேண்டும், எவ்வளவு நேரம் திறந்து வைக்க வேண்டும் என்று தீர்மானிக்கிற தண்டு அது. அதன் மேடுகளை வேறு மாதிரி அரைத்தால் எஞ்சினின் குணமே மாறிவிடும். வால்வு திறந்திருக்கும் நேரத்தை டிகிரியில் அளப்பார்கள்; அதைக் கூட்டினால் உச்ச வேகத்தில் சக்தி பிய்த்துக்கொண்டு வரும். ஆனால் சும்மா நிற்கும்போது எஞ்சின் திக்கித் திணறும். ஜெசிந்தா போன வருஷம் எடுத்த எடுப்பில் இருநூற்று எண்பத்தெட்டு டிகிரி கேமைப் போட்டார்.

“படகுக்காரி புத்தி” என்கிறார். “படகு எஞ்சின ஸ்டார்ட் பண்ணா ஒரே அழுத்து, ஒரே ஓட்டம். கடல்ல சிக்னல் எங்க கீது? அதே நெனப்புல ரோட்டு வண்டிக்கும் போட்டேன். கேளம்பாக்கம் சிக்னல்ல தெனம் நாலு வாட்டி அணையும். பின்னால ஒருத்தன் ஆர்ன் அடிப்பான், உள்ள ஐஸ் உருகும். பேஜாரா பூட்ச்சி.”

அந்தத் தண்டைக் கழற்றி எறிந்துவிட்டு, எங்கெங்கோ அலைந்து பழைய தண்டு ஒன்றைத் தேடிப் பிடித்து மாட்டினார். அதைத்தான் இப்போது கோயம்புத்தூர்ப் பட்டறை ஒன்றுக்கு அனுப்பி, மறுபடி அரைக்கப் போகிறார். அரைத்துவிட்டால் அரைத்ததுதான். இன்னொரு தண்டு கைவசம் இல்லை. இதுவும் தப்பினால் பந்தயமும் போச்சு, மீன் ஓட்டமும் போச்சு. அதற்காகத்தான் இந்த ஈயக்குண்டுக் கணக்கு: எஞ்சின் உண்மையில் எத்தனை தடவை உச்சத்துக்குப் போகிறது என்று தெரிந்துகொண்டு அப்புறம் கேமைத் தேர்ந்தெடுப்பது.

சுதாகருக்கு இது பெரிய வேடிக்கை. முட்டுக்காட்டில் கார் பட்டறை வைத்திருக்கிறான், அதே பந்தயத்தில் ஓடுகிறவன். ஒருநாள் டம்ளரை எட்டிப் பார்த்துச் சிரித்தான்.

“இன்னாக்கா இது, மீன் வண்டிக்கு மீன் வண்டி கேமே போடப் போறியா? பெருசாப் போடுக்கா. சவுண்டே வேற மாரி இருக்கும்.”

“சவுண்டுக்கு லவுட் ஸ்பீக்கர் கட்டிக்கிறேன். நீ போ.”

“இல்லாட்டி பந்தயத்துக்குன்னு வேற வண்டி ஒண்ணு பாரு.”

“இதே வண்டி. அதே கோடு. இதுலதான் தாண்டுவேன்.”

ஒன்பது நாளில் டம்ளரில் விழுந்தவை பதினோரு குண்டுகள். பொட்டலில் பக்கெட்டுகளைக் கவிழ்த்து வைத்து, அவற்றைச் சுற்றியும் ஓட்டிப் பார்த்தார். பத்துச் சுற்றுக்கு நாலே நாலு. பந்தயத்திலும் முள் மேலே போகிற நேரத்தைவிட நடுவில் நிற்கிற நேரம்தான் அதிகம். அன்று சாயங்காலமே கோயம்புத்தூருக்குப் போன் போட்டார். “எரநூத்தி அறுவது. ஒரு டிகிரி ஏத்துன, பஸ் புடிச்சி அங்க வந்துருவேன்.” தண்டு போய்த் திரும்பி வரப் பன்னிரண்டு நாள் ஆனது. அத்தனை நாளும் பெட்டிகளோடு பஸ்ஸில் போனார். கண்டக்டர்களோடு அவர் போட்ட சண்டையைத் தனியாகத்தான் எழுத வேண்டும். நான் மூன்று சீட் தள்ளி, தெரியாதவன் மாதிரி உட்கார்ந்திருந்தேன். கோழை நான், ஒத்துக்கொள்கிறேன்.

அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை பந்தயம். நானும் தேவசகாயமும் ஆரம்பக் கோட்டை ஒட்டிக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றோம். ஜெசிந்தாவின் முறை வந்தது. ஹெல்மெட் போட்டுக்கொண்டு வண்டியைக் கோட்டில் கொண்டுவந்து நிறுத்தினார். கொடிக்காரர் கையைத் தூக்கிய நேரம் பார்த்து ஆடுகள் நாலைந்து பொட்டலுக்குள் புகுந்துவிட்டன. “இருங்க, இருங்க” என்று கொடியைச் சுருட்டிக்கொண்டார் அவர். ஆட்களும் ஆடுகளும் ஓடிப் பிடித்து விளையாடினார்கள். வெயில் மண்டையைப் பிளந்தது. பின்னால், பெரிய கேம் போட்ட சுதாகரின் வண்டி நின்ற இடத்திலேயே உதறிக்கொண்டிருந்தது. அணையாமல் இருக்க அவன் ஆக்சிலேட்டரை விட்டு விட்டு மிதித்தான்.

தேவசகாயத்துக்குப் பொறுக்கவில்லை. கயிற்றின் மேல் பாதி உடம்பைச் சாய்த்து, ஜன்னல் வழியாகக் கத்தினார்: “ஜெசி, மிதிச்சிகினே இரு! காலை எடுக்காத! அணைஞ்சிரப் போவுது!”

ஜெசிந்தா திரும்பி அவரைப் பார்த்தார். பிறகு வலது காலை ஆக்சிலேட்டரிலிருந்து எடுத்து, எஞ்சின் திக்காமல் ஓடிக்கொண்டிருக்க, சீட்டின் மேல் சம்மணம் போடுவதுபோல் மடித்து வைத்துக்கொண்டார்.