பரிந்துரைக் கடிதத்தை நான்தான் எழுதினேன்

என் மனைவியின் தம்பி கடலூரில் ஒரு ஃபிளெக்ஸ் கடையில் மெஷின் ஓட்டுகிறான். தேதி தவறியோ பெயர் தவறியோ அச்சாகிவிட்ட பேனர்களை வீட்டுக்கு எடுத்துப்போய், அவற்றின் வெள்ளைப் பின்பக்கத்தில் கறுப்பு பெயின்ட்டால் படம் வரைவான். பெரும்பாலும் கண்ணீர் அஞ்சலி பேனர்கள். வரைவது சிதம்பரம் பஸ் ஸ்டாண்டில் நிற்பவர்களை. மீன் கூடையோடு ஏறக்கூடாது என்று கண்டக்டர் சொன்ன பிறகும் நகராமல் நிற்கிற பெண்கள், செருப்பைக் கழற்றி அதன்மேலேயே உட்கார்ந்திருக்கிற ஆட்கள். வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தால் அவர்களுக்குப் பின்னால் இறந்தவரின் முகம் மங்கலாகத் தெரியும். அப்படி முப்பத்தெட்டு படங்கள் முடித்திருந்தான்.

ஓவியர்களுக்கு ஒரு வருடம் மாதாமாதம் உதவித்தொகை தந்து, முடிவில் கண்காட்சியும் வைத்துத் தருகிற ஃபெலோஷிப் ஒன்றை நான்தான் தேடிப் பிடித்தேன். வயது வரம்பு நாற்பது. அவனுக்கு முப்பத்தொன்பது முடிந்து ஏழு மாதம் ஆகியிருந்தது. ஒரு வருடம் மெஷினை விட்டுவிட்டு வரைய அவனுக்கு மிச்சமிருந்த ஒரே வாய்ப்பு அது.

விண்ணப்பத்தை நான் பொறுப்பேற்றேன். சிதம்பரத்தில் ஒரு கல்லூரி அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருக்கிறேன். என் கையால் போன படிவம் எதுவும் திரும்பி வந்ததில்லை. ‘உங்கள் கலை எந்தக் காயத்திலிருந்து பிறக்கிறது?’ என்று ஒரு கேள்வி இருந்தது.

“காயம்லாம் ஒண்ணுமில்ல மாமா. ஃபிளெக்ஸ் சும்மா கெடந்துச்சு” என்றான்.

நான் வேறு எதையோ எழுதினேன். எழுதியதை இப்போது படித்தால் கூசுகிறது.

பரிந்துரைக் கடிதம் ஒன்று வேண்டும். சிதம்பரத்தில் கண்காட்சிகள் அமைத்துப் பெயர் வாங்கிய ஒரு பெரியவர் இருந்தார். போனேன். மேஜையில் யார் யாரோ அனுப்பிய விண்ணப்பங்கள். ஒன்றின்மேல் காபி தம்ளர் வைத்த வட்டங்கள். இன்னொன்றின் மூலையைத் திரித்துக் காது குடைந்துகொண்டிருந்தார். குடைந்ததைப் பார்த்துவிட்டு அதே தாளை அடுக்கில் வைத்தார்.

“நீங்களே எழுதிட்டு வாங்க சார். கையெழுத்துப் போட்டுத் தரேன். எல்லாரும் அப்படித்தான்” என்றார். அது இந்தத் துறையின் வழக்கமாம். விண்ணப்பிக்கிறவனே தன்னைப் புகழ்ந்து எழுதிக்கொள்ள வேண்டும்.

மூன்று தடவை திருத்தி எழுதினேன். படித்துவிட்டுத் தலையாட்டினார். “ஃபைலா மெயில்ல அனுப்புங்க. என் லெட்டர்ஹெட்ல போட்டுக்கிறேன்.” அன்று மாலையே அனுப்பினேன்.

செவ்வாய்க்கிழமை கடிதம் கையெழுத்தாகி வந்தது. கடைசி நாள் அடுத்த திங்கள்.

“இன்னிக்கே தட்டிவுட்டுடலாம் மாமா.”

“இருடா. படத்தோட அளவெல்லாம் அடிக்கணக்குல குடுத்திருக்கே. சென்டிமீட்டர்ல கேக்கறாங்க.”

ஃபிளெக்ஸ்காரர்களுக்கு எல்லாமே அடிதான். முப்பத்தெட்டையும் நான் மறுபடி டேப் வைத்து அளந்தேன். அதில் நான்கில் ஓரம் கோணல்; இரண்டு பக்கமும் தனித்தனியே குறித்தேன். திங்கட்கிழமை மாலை நான்கு நாற்பதுக்கு அனுப்பினோம்.

‘வருந்துகிறோம்’ என்று ஒரு வரி வந்தது. அவனுக்கு நாற்பது முடிந்தது. ஒரு வருடத்துக்கு மேல் ஆன பிறகு ஒரு சனிக்கிழமை போன் செய்தான். “மாமா, கொஞ்சம் கடைக்கு வர்றீங்களா?”

கம்ப்யூட்டர் திரையில் பன்னிரண்டுக்கு எட்டு அடி பேனர், அச்சுக்கு வந்தது. ஃபெலோஷிப் பெற்ற ஓவியரின் கண்காட்சி, கடலூரிலேயே. பிடரி மயிர் பறக்க ஓடுகிற ஏழு குதிரைகள். கீழே சிதம்பரத்துப் பெரியவரின் பாராட்டு. அவன் சத்தமாகப் படித்தான்: “‘இவர் யாரையும் அழகாக்குவதில்லை. காத்திருப்பவர்களைக் காத்திருக்கிறபடியே விடுகிறார்.’ இது நீங்க எனக்கு எழுதினதுதானே? இதுல எந்தக் குதிர மாமா காத்துக்கிட்டு நிக்குது?”

அவனுக்குச் சிரிப்பு வந்தது. நான் அந்த வரியைத் திரையில் மறுபடி படித்தேன்.

மறுநாள் காலை பெரியவர் முறுக்கு தின்றுகொண்டிருந்தார். கேட்டேன். அவர் மறைக்கக்கூட இல்லை.

“நல்லா எழுதியிருந்தீங்க சார், அந்தப் பையனுக்கும் ஒத்துப்போச்சு. பத்துப் பேர் வந்து நிக்கறான். ஒவ்வொருத்தனுக்கும் புதுசாவா யோசிக்க முடியும்?”

“ரெண்டும் ஒண்ணா இருக்கேன்னு அங்க யாரும் கேக்கலையா?”

“கேட்டாங்களே. போன் பண்ணாங்க. மொதல்ல வந்தத வச்சிக்குங்க, பின்னால வந்தது காப்பியா இருக்கும்னு சொல்லிட்டேன். குதிரக்காரன் வியாழக்கிழமையே அனுப்பிட்டானே.” தட்டை என் பக்கம் தள்ளினார். “வாரத்துல ஒருநாள் வந்து போங்க. லெட்டரெல்லாம் இனிமே நீங்களே போட்டுடலாம். உங்களுக்கு எழுத்து நல்லா வருது.”

முறுக்குத் தூள் ஒட்டிய அந்த விரல்களைப் பார்த்துக்கொண்டே எழுந்து வந்தேன். கடலூர் பஸ்ஸில் ஒரு மணி நேரமும் ஒரே கணக்கு ஓடியது. செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவில் முழுதாக ஒரு நாள் இருந்திருக்கிறது. அன்று நான் கோணல் ஓரங்களை அளந்துகொண்டிருந்தேன்.

குதிரை பேனரின் மூலைகளில் அவன் கயிறு கட்டுவதற்கான வளையங்களைச் சுத்தியலால் அடித்துக்கொண்டிருந்தான். பெரியவர் சொன்னதை ஒன்றுவிடாமல் சொன்னேன்.

“நாம திங்கக்கிழமதானே அனுப்பினோம்?”

“ஆமா.”

“நான் செவ்வாக்கிழமையே சொன்னேன் மாமா.”

“சொன்னே. நான்தான் நிறுத்தி வச்சேன்.”

இன்னும் இரண்டு மூலை பாக்கி இருந்தது. அடித்து முடித்தான். “அக்காகிட்ட சொல்லாதீங்க. உங்களப் போட்டுத் திட்டும்” என்றான்.

எட்டு மாதமாகிறது. வருகிறான், சாப்பிடுகிறான், அக்காவோடு சிரித்துப் பேசுகிறான். முன்பெல்லாம் ஒரு படம் காய்வதற்குள் போனில் எனக்கு அனுப்பிவிடுவான். இப்போது அவன் வரைகிறானா என்றுகூட எனக்குத் தெரியாது.