இடது பக்கம் தொடாதே

முதலில் என் முட்டாள்தனத்தைச் சொல்லிவிடுகிறேன், நீங்களாகக் கண்டுபிடித்தால் இன்னும் அசிங்கமாகப் போய்விடும். என் பட்டறை மேஜையில் ஒரு பழைய ஆம்ப்ளிஃபையர் இருக்கிறது. ரிப்பேர் பார்த்த ஸ்பீக்கரை அதில் மாட்டித்தான் பாடவிட்டுப் பார்ப்பேன். அதன் இடது பக்கம் கெட்டு ஒரு வருஷமாகிறது. அந்தப் பக்கம் எதை மாட்டினாலும் பாட்டுக்குப் பதில் நேராகக் கரண்ட் பாயும், ஸ்பீக்கருக்குள் இருக்கிற மெல்லிசான கம்பிச்சுருள் இரண்டே நிமிஷத்தில் கருகிவிடும். ஊருக்கெல்லாம் ரிப்பேர் பார்க்கிறவனுக்குத் தன் மேஜையில் இருப்பதைப் பார்க்க ஒரு வருஷமாக நேரம் கிடைக்கவில்லை. அதனால் ஒரு வெள்ளைப் பிளாஸ்திரியில் ‘இடது பக்கம் தொடாதே’ என்று சிவப்பு மையில் என் கையால் எழுதி, என் கையால் ஒட்டினேன். அதன் முன்னால் என் கையாலேயே டீ பிளாஸ்க்கை வைத்து மறைத்தேன். பிறகு தொட்டேன்.

இதைச் சொல்கிறவன் பேய், பிசாசு, காத்து, கருப்பு எதையும் நம்பாதவன் என்பதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். என் தொழிலில் அதையெல்லாம் நம்பினால் கடையைத் திறக்கவே முடியாது. ‘பெட்டி தானாக உறுமுகிறது’ என்று வருவார்கள், எர்த் சரியில்லை என்பேன். ‘ஆஃப் பண்ணின பிறகும் முனகுகிறது’ என்பார்கள், கெப்பாசிட்டரில் மிச்சமிருக்கும் கரண்ட் என்பேன். எல்லாவற்றுக்கும் என்னிடம் ஒரு பதில் இருந்தது. இந்த ஒன்றுக்கு மட்டும் இல்லை. அந்த எரிச்சலில்தான் இதை எழுதவே உட்கார்ந்தேன்.

கடை விழுப்புரத்தில், பழைய பேருந்து நிலையத்துக்குப் பக்கத்துச் சந்தில். நான் கை வைத்த ஸ்பீக்கர் பெட்டிகளுக்குச் சொந்தக்காரர் திண்டிவனத்து ரங்கசாமி ஐயா. நாற்பது வருஷம் மல்லாட்டை மண்டி நடத்தி, நிலக்கடலை மூட்டைகளின் நடுவிலேயே காலம் தள்ளிவிட்டு, ஓய்வு பெற்றதும் தனக்கென்று வாங்கிய ஒரே ஆடம்பரம் அந்த ஜோடி ஸ்பீக்கர்தான். இடுப்பு உயரம், தேக்கு நிறம், ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் தனி ஆம்ப்ளிஃபையர், ஒவ்வொன்றுக்கும் தனி பிளக். ஐயா அதிகம் பேச மாட்டார். அவர் பேசவேண்டியதையும் சேர்த்து அந்தப் பெட்டிகள் பாடும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் தெருவில் நியூட்ரல் கம்பி அறுந்து வீடுகளுக்குள் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு கரண்ட் நுழைந்துவிட்டது. தெருவில் பாதி டி.வி. போனது. ஐயாவின் வலது பெட்டி புகைந்தது. அவர் பாய்ந்து போய் இடது பெட்டியின் பிளக்கைப் பிடுங்கிவிட்டார், அது தப்பித்தது. அதோடு விட்டிருக்கலாம். ‘ரெண்டையும் பக்கத்துல வச்சிப் பாத்தாத்தான் சத்தம் ஒத்துப்போவுதான்னு தெரியும், நல்லதையும் குடுத்து அனுப்புங்க ஐயா’ என்று போனில் பெரிய வித்துவான் மாதிரி சொன்னவன் நான்தான்.

வலது பெட்டியின் போர்டைச் சரிபண்ணி, கருகின சுருளுக்குப் புதுச்சுருள் சுற்றிக் கோத்து, பத்து நாள் பாடுபட்டு உயிர் கொடுத்துவிட்டேன். பிறகு இடது பெட்டியின் பெரிய ஸ்பீக்கரைக் கழற்றி, இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்க என் மேஜை ஆம்ப்ளிஃபையரில் மாட்டினேன். இடது பெட்டி ஸ்பீக்கர், அதனால் இடது பக்கம். எவ்வளவு ஒழுங்கு பாருங்கள். காகிதக் கூம்பு முன்னால் துருத்திக்கொண்டு நின்றது, ஒரு நாற்றம் வந்தது, பிளாஸ்க்கை நகர்த்தினேன், சிவப்பு எழுத்து தெரிந்தது. “போச்சி! நீயே கொளுத்திட்டியேடா சேகரு!” என்று கத்தினேன். சேகர் என்பது நான்.

உடனே ஐயாவுக்குப் போன் போட்டு உண்மையைச் சொல்லியிருந்தால் கதை இங்கேயே முடிந்திருக்கும். போன் போட்டேன். உண்மைக்குத்தான் வாய் வரவில்லை. ‘இந்த மாதிரிப் பெட்டியைத் தொட சேகரை விட்டால் ஆளில்லை’ என்று அவர் நாலு பேரிடம் சொல்லியிருக்கிறார்.

“ஐயா, லெஃப்ட்டும் போயிருக்குதுங்க.”

“எது?”

“லெஃப்ட்டு. ஹை வோல்டேஜுல அதுவும் அடி வாங்கி இருக்குது.”

“நான்தான் பிளக்கப் புடுங்கினனே.”

“புடுங்கின பின்னாடி யாராவது திரும்ப மாட்டி இருப்பாங்க ஐயா.”

பிறகு “சரி” என்று வைத்துவிட்டார். நானும் தப்பித்தேன் என்று பிளாஸ்க்கிலிருந்து டீ ஊற்றிக் குடித்தேன்.

மூன்றாம் நாள் பைக்கில் ஒரு இளைஞன் வந்து இறங்கினான்.

“அண்ணே, நீங்கதான சேகரு? நான் ரங்கசாமி மருமவன், கதிரு. கூட்டேரிப்பட்டுல செல்போன் கட வச்சிருக்கன்.”

உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

“அன்னிக்கி அந்த வூட்டுல மாமாவும் நானும் மட்டும்தாண்ணே இருந்தோம். அவரு பிளக்கப் புடுங்கினாரு. திரும்ப மாட்டினது நான்தான்றாரு. சத்தியமா நான் கையால தொடலண்ணே. கல்யாணமாயி மூணு வருசம் ஆவுது, அவரு வூட்டுல ஃபேன் சுச்சு கூட அவரக் கேட்டுக்கினுதான் போடுவன்.”

நான் பிளாஸ்க்கை இழுத்து அந்தச் சிவப்பு எழுத்தை மறுபடி மறைத்தேன்.

“வர்ற வெள்ளிக்கிழம எங்க வூட்டுல ஆனந்திக்கு வளகாப்பு. ‘செஞ்சிட்டு இல்லன்னு பொய் சொல்றவன் வூட்டுல நான் கை நனைக்க மாட்டன்’னு சொல்லிட்டாரு. அப்பா வரலன்னா எனக்கு வளையலே வேணாம்னு இவ மூணு நாளா அழுதுக்கினு கீறா. பேஜாராப் பூட்டுதுண்ணே. எப்ப எரிஞ்சிது, எதுல எரிஞ்சிதுன்னு பொட்டியப் பாத்தா உங்களுக்குத் தெரியாதா? நீங்க ஒரு வார்த்த சொல்லுங்க. உங்க மேல அவருக்கு அவ்ளோ நம்பிக்க.”

“பாக்கறன் தம்பி” என்றேன். அதே பிளாஸ்க்கிலிருந்து அவனுக்கு ஒரு டீ ஊற்றிக் கொடுத்தேன். நன்றி சொல்லிவிட்டுக் குடித்தான். என்னை நானே எழுந்து உதைக்க வசதியில்லாமல் உடம்பைப் படைத்திருக்கிறார்கள், என்ன செய்வது.

இப்போது கவனமாகக் கேளுங்கள். மறுநாள் எங்கள் பகுதிக்கு மாதாந்திர மின்தடை. காலை ஒன்பது மணிக்குப் போனால் சாயங்காலம்தான் வரும். மேஜையை வாசல் வெளிச்சத்துக்கு இழுத்துப் போட்டு, கொளுத்தின ஸ்பீக்கரைப் பிரித்தேன். கருகின சுருளை வெட்டி எடுத்து ஒரு தட்டில் போட்டாயிற்று. மேஜையில் மல்லாந்து கிடந்தது வெறும் இரும்புச் சட்டமும் காகிதக் கூம்பும்தான். அதில் ஒரு கம்பி கிடையாது. தெருவில் கரண்ட் கிடையாது. என் செல்போன் சார்ஜ் தீர்ந்து செத்துக் கிடந்தது. பதினொரு மணி, நல்ல வெயில், பேய் வருகிற நேரமே இல்லை. நான் ஒரு முழுப் போண்டாவை வாயில் திணித்துக்கொண்டு, இரண்டு கையாலும் சட்டத்தின் ஓரத்துப் பழைய பசையைச் சுரண்டிக்கொண்டிருந்தேன்.

“போச்சி! நீயே கொளுத்திட்டியேடா சேகரு!”

என் குரல். போனில் பதிந்த நம் குரலை நாமே கேட்டால் கொஞ்சம் மூக்கடைத்த மாதிரி இருக்குமே, அப்படி. அந்தக் காகிதத்தின் நடுவிலிருந்து வந்தது. விரலுக்கடியில் காகிதம் அதிர்ந்ததை உணர்ந்தேன்.

பிரமை என்று நீங்கள் சொல்வீர்கள், நானும் சொல்லியிருப்பேன். ஆனால் பக்கத்துக் கடையில் மல்லிகா அக்கா தையல் மெஷினைக் காலால் மிதித்துக்கொண்டிருந்தார். மிதிப்பதை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார்.

“இன்னாண்ணே, பட்டப்பகல்ல உன்ன நீயே திட்டிக்கினு கீற?”

நான் பதில் சொல்லப் பார்த்தேன். போண்டா விடவில்லை. அக்கா என் உப்பின கன்னத்தைப் பார்த்தார், கூம்பைப் பார்த்தார், மறுபடி என்னைப் பார்த்தார்.

“வாயில இத்தாம் பெருசு வச்சிக்கினு எப்பிடிண்ணே பேசின?”

கையைக் காட்டிக் கூம்பைச் சுட்டினேன். அவர் தலையிலடித்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

போண்டாவை விழுங்கிவிட்டு ஆராய்ச்சியில் இறங்கினேன். எதிர்க் கடையில் ரேடியோ இல்லை. எதிரொலியாக இருக்குமோ என்று, என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும், கூம்புக்குள் குனிந்து அதே வாக்கியத்தை அதே சுருதியில் கத்திப் பார்த்தேன். எதிரொலி வரவில்லை. மல்லிகா அக்காவின் குரல்தான் வந்தது: “போதும்ண்ணே, தெருவுக்கே தெரிஞ்சிப்போச்சி!”

தெருவுக்குத் தெரிந்தால் பரவாயில்லை, இந்தத் தெருவில் யாருக்கும் ரங்கசாமி ஐயாவையும் தெரியாது, திண்டிவனத்தில் அவர் வீடு எங்கே என்றும் தெரியாது.

அதன் பிறகு அது வாயைத் திறக்கவில்லை. புதுச்சுருள் கோத்தேன், பசை காய்ந்தது, மாட்டினேன். வலது பக்கத்தில்தான், சாமி, வலது பக்கத்தில். இரண்டும் ஒரே தொண்டையாகப் பாடின. வியாழக்கிழமை மதியம் மினி வேனில் ஏற்றித் திண்டிவனத்துக்குக் கொண்டுபோனேன். வழி முழுக்க, பெட்டியை இறக்கி வைத்த கையோடு சொல்லிவிடுவது என்று தீர்மானம் செய்துகொண்டே போனேன்.

ஐயா நாற்காலியில் உட்கார்ந்து, கண்ணை மூடி, ஒரு பாட்டு முழுக்கக் கேட்டார். “நல்லா கீது” என்றார். பிறகு எழுந்து இரண்டு பிளக்கையும் பிடுங்கி, கம்பிகளைச் சுற்றி அந்தந்தப் பெட்டியின் தலையில் வைத்தார்.

“இனிமே பாட்டு முடிஞ்சா புடுங்கிடறது. யாரையும் நம்பறதுக்கில்ல.”

சொல்லடா என்றது மனசு.

“ஐயா, அந்த லெஃப்ட்டு பொட்டி…”

“இன்னா?”

“சுவத்துல இருந்து ஒரு அடி தள்ளி வச்சா சத்தம் நல்லாருக்கும்.”

தள்ளி வைத்தார். வேன்காரன் முன்னமே கிளம்பிப் போயிருந்தான். கும்பிடு போட்டுவிட்டு விழுப்புரம் பஸ்ஸில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்து, நாளை போனில் சொல்லிக்கொள்ளலாம் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். நாளைதான் வளைகாப்பு என்பது தெரியாதவன் மாதிரி.

கூட்டேரிப்பட்டில் பஸ் நின்றது. சாலையோரம் ஒரு வீட்டு வாசலில் ஸ்டூல் போட்டு ஏறி, கதிர் மாவிலைத் தோரணம் கட்டிக்கொண்டிருந்தான். கீழே நிறைமாதத்தை நெருங்கும் வயிற்றோடு ஒரு பெண் நின்றாள், தோரணத்தைப் பார்க்கவில்லை, திண்டிவனம் பக்கம் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஜன்னலில் என்னைக் கண்டதும் கதிருக்கு முகம் மலர்ந்துவிட்டது. ஸ்டூலில் நின்றபடியே கையை ஆட்டி, ‘சொல்லிட்டீங்களா?’ என்று சைகையில் கேட்டான்.

நானும் பதிலுக்குக் கையை ஆட்டினேன். அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்கே தெரியாது. பஸ் நகர்ந்தது. நூறடி போயிருக்காது, எழுந்து கத்தினேன்.

“இன்னா சார், விழுப்புரத்துக்கு டிக்கெட்டு வாங்கிக்கினு இங்க எறங்கற?” என்றார் கண்டக்டர்.

“ஒண்ண மறந்துட்டு வந்துட்டன்.”

“ஜல்தியா எறங்கு, அதையாவது மறக்காத.”

ரோட்டைக் கடந்து எதிர்ப்பக்கப் பஸ்ஸுக்கு நின்றேன். மூன்று பஸ் நிற்காமல் போனது, நாலாவதில் படியில் தொங்கிக்கொண்டு போனேன். வழி முழுக்க என்னைத் திட்டினேன், அந்த ஆம்ப்ளிஃபையரைத் திட்டினேன், டீ பிளாஸ்க்கைக் கண்டுபிடித்தவனையும் விடவில்லை.

போய்ச் சேர்ந்தபோது மணி நாலு. கதவு திறந்தே இருந்தது. ஐயா சலவை வேட்டி கட்டிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார், இடது பெட்டியைப் பார்த்தபடி. நான் போகும்போது வெறுமையாக இருந்த டீப்பாயில் இப்போது ஒரு பூப்பந்தும், காகிதத்தில் சுற்றின கண்ணாடி வளையல்களும் இருந்தன. அதைப் பார்த்தும் என் மரமண்டைக்கு ஒன்றும் உறைக்கவில்லை. இரண்டு பிளக்கும், கம்பி சுற்றினபடி, அவர் வைத்த இடத்திலேயே, பெட்டிகளின் தலையிலேயே இருந்தன. இன்றைக்கும் நான் யார் வீட்டுக்குப் போனாலும் முதலில் பிளக் எங்கே இருக்கிறது என்றுதான் என் கண் தேடுகிறது.

மூச்சு வாங்க, செருப்பைக்கூடக் கழற்றாமல், ஒரே மூச்சில் கொட்டிவிட்டேன்.

“ஐயா, உங்க மருமவன் எதையும் தொடல. அந்த லெஃப்ட்டு பொட்டி நல்லாத்தான் வந்துச்சி. என் மேசையில வச்சி நான்தான் கொளுத்தினன். கொளுத்திட்டு உங்ககிட்ட பொய் சொன்னன்.”

அவர் என் பக்கம் திரும்பக்கூட இல்லை.

“தெரியும். அதுவே சொல்லிடுச்சி.”