வெட்ட முடியாத பெயர்கள்

யோகநாதன் கைபேசியில் அழைத்தபோது நான் அலுவலகத்துக்குள் நுழைந்து வரவுப் புத்தகத்தில் ஒப்பமிட்டுக்கொண்டிருந்தேன். அவர் இரத்தோட்டைக்கு மேலே, ரிவர்ஸ்டன் போகும் வழியிலுள்ள தேயிலைத் தோட்டமொன்றில் வேலை செய்பவர். "சேர், மிஸி போயிட்டாங்க" என்றார். மிஸிக்குச் சில மாதங்களாக உடம்பு சரியில்லை என்பது தெரிந்த விஷயம்தான். போன ஞாயிறு போய்ப் பார்த்திருக்கலாம். மழையைச் சாக்குச் சொல்லி வீட்டில் இருந்துவிட்டேன். அழுகைக்கு முன்னால் என்மேல் எனக்குக் கோபம்தான் வந்தது.

தாதிமாரையும் பிரசவம் பார்க்கும் மருத்துவ மாதுகளையும் இங்கே மிஸி என்றுதான் அழைப்பது. எத்தனை மிஸிமார் வந்து போனாலும் எங்கள் பக்கத்துத் தோட்டங்களில் மிஸி என்றால் அது லெச்சி மிஸி ஒருவர்தான். ஓய்வுபெறும்வரை, தொழிலாளர் குடியிருக்கும் லயங்களில் அவர் ஏறி இறங்காத ஒன்றும் இல்லை. நான் மாத்தளையில் பிறப்பு இறப்புகளைப் பதிகிறவன். "நீங்கள் கையில் ஏந்துற பிள்ளையைத்தான் நான் கடதாசியில் ஏந்துறன், மிஸி" என்று ஒருமுறை பெருமையடித்தேன். "நீங்க ஏந்துற லட்சணந்தான் தெரியுமே" என்றார். அவர் அப்படிச் சொன்னதற்குக் காரணம் இருந்தது. அதை இந்த நினைவு மலரில் ஒளிக்காமல் எழுதுவதுதான் அவருக்கு நான் செய்யக்கூடிய மரியாதை.

கிளினிக்குக்கு வரும் தாய்மார் நிறை பார்ப்பதற்கும் ஊசிக்கும் அடுத்தபடியாக அவரிடம் கேட்பது பெயர்தான். ஐயர் நட்சத்திர எழுத்தைச் சொல்லிவிடுவார். அதற்குப் பொருத்தமாக ஃபோனில் தேடி, பொருள் தெரியாத ஏதோவொன்றைப் பிடித்துக்கொண்டு வருவார்கள். மிஸி தம்முடைய தடித்த அட்டைபோட்ட சீ.ஆர். கொப்பியைத் திறப்பார். ஆண்பிள்ளைகளுக்கென்று அதில் அவர் சேர்த்து வைத்திருந்தவை எல்லாம் ஓரசையிலேயே முடிந்துவிடும் பெயர்கள். கோ என்றால் அரசன். மால், திருமால், பெருமை என்றும் பொருள். சேய், சிவந்தவன், முருகன். வேள், அதுவும் முருகன்தான். முற்காலத்தில் சிறுநாடுகளை ஆண்ட தலைவர்களுக்கும் அந்தப் பட்டம் இருந்தது. உக்குவெலையிலிருந்து வந்த முஸ்லிம் தாயொருவருக்காக விசாரித்து, ஸைன், அரபு, அழகு என்று பச்சை மையில் எழுதியிருந்தார். நான் யாழ்ப்பாணத்தவன், யாழ் என்ற பெயரையும் சேர்க்கலாமே என்றேன். "ஒங்க ஊரு பஸ்ஸுல எழுதியிருக்கிற பேரு சேர், புள்ளைக்கு எதுக்கு?" என்று என்னை மடக்கினார்.

ஏன் இவ்வளவு சின்னப் பெயர்கள் என்று கேட்டதற்கு அவர் சொன்ன பதில் எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. "வெட்ட முடியாத பேரா இருக்கணும் சேர். பெரட்டுல பேரு கூப்பிடறவரு ஒரு பக்கம் வெட்டுவாரு, ஆபீஸ்ல எழுதறவரு மறுபக்கம் வெட்டுவாரு. ஒத்தச் சொல்லுல எதை வெட்டுவாங்க?" பெரட்டு என்பது தோட்டத்தில் காலையில் தொழிலாளரைப் பெயர் கூப்பிட்டு வேலைக்குப் பிரிப்பது. மிஸிக்குத் தகப்பன் வைத்த பெயர் இராஜலெட்சுமி. பதிவில் விழுந்தது லெச்சி. அடையாள அட்டை, நியமனக் கடிதம், ஓய்வூதியப் பத்திரம் எல்லாவற்றிலும் அதுவே நின்றுவிட்டது. "பழகிருச்சு சேர்" என்பார். உடனேயே, "பழகிப்போனதுதான் எனக்கு ஆத்திரம்" என்பார்.

யோகநாதனுக்கு மகன் பிறந்தபோது, மிஸியின் கொப்பியிலிருந்து வேள் என்ற பெயரை அவரே தெரிந்தெடுத்திருக்கிறார். தோட்டத்து ஆபீஸ் வழியாகப் படிவம் என் மேசைக்கு வந்தது. பெரிய கட்டத்துக்குள் அந்தச் சின்னச் சொல் தனியாக நின்றது. பள்ளிக்கூடத்தில் பிள்ளையைக் கேலி செய்வார்களே என்று எனக்குப் பரிதாபம் பிறந்தது. ஒருவரையும் கேட்கவில்லை. வேள்ராஜ் என்று எழுதினேன். நல்ல காரியம் செய்த திருப்தியோடு தேநீரும் குடித்தேன்.

சான்றிதழ் கையில் கிடைத்த மறுநாளே மிஸி பஸ் ஏறி வந்து என் மேசையில் அதை வைத்தார். "வெட்டுறவங்களுக்குத்தான் சேர் நான் வழி யோசிச்சேன். ஒட்டுறவங்க இருப்பாங்கன்னு எனக்குத் தோணவே இல்ல." நான் நல்லதுக்குத்தான் செய்தேன் என்றேன். "யாரு கேட்டா?" என்றார். அவ்வளவுதான். குரலை உயர்த்தவில்லை. வரிசையில் நின்ற எல்லோருக்கும் கேட்டது.

விண்ணப்பம் அனுப்புங்கள், திருத்தித் தருகிறேன் என்று தப்பிக்கப் பார்த்தேன். அவர் விடவில்லை. நானே மேலே தோட்டத்துக்கு வந்து யோகநாதனிடம் சொல்ல வேண்டும் என்றார். சனிக்கிழமை போனேன். லயத்து வாசலில் எனக்கு நாற்காலி போட்டுவிட்டு அவர்கள் நின்றார்கள். நான் பிழையைச் சொல்லி முடிப்பதற்குள் யோகநாதனின் மனைவி, "இருக்கட்டுங்க சேர், பெரிய ஆபீஸ்ல எழுதுனது, நல்லாத்தான் இருக்கும்" என்றார். எனக்கு உள்ளுக்குள் நிம்மதி. மிஸியின் முகம் சிவந்துவிட்டது. "இந்த இருக்கட்டுந்தான் தாயி நம்மள இங்கனயே நிறுத்தி வச்சிருக்கு" என்றார். யோகநாதன் என்னைப் பார்த்து, "எம் மகன் பேரு வேள் சேர்" என்றார். நாற்காலியில் இருக்க எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. எழுந்து நின்றேன்.

எழுதுவதற்கு ஒரு நிமிடம் போதுமாயிருந்தது. திருத்துவதற்குச் சத்தியக்கடதாசி, தோட்டத்துக் கடிதம், மேலதிகாரியின் விளக்கக் கேள்வி என்று மாதக்கணக்கில் இழுத்தது. என் பிழை என்று நானே எழுத்தில் கொடுக்க வேண்டி வந்தது. ஒவ்வொரு முறையும் யோகநாதன் ஒருநாள் பேரை, அதாவது ஒருநாள் கூலியை, விட்டுவிட்டு வந்தார், மிஸியும் கூடவே வந்தார். இடையில் ஒருநாள் யோகநாதனே சோர்ந்துபோய் விட்டுவிடலாமா என்று கேட்டபோது, "நான் விட்டாத்தானே நீ விடுறதுக்கு" என்றார் மிஸி. திருத்திய சான்றிதழை வாங்கியதும் அதை இரண்டு தரம் வாசித்தார். எனக்கு நன்றி சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நான் கூசிப்போயிருப்பேன்.

அவரை அறிந்த உங்களுக்கு அந்தப் பிடிவாதத்தைப் பற்றிப் புதிதாக எதுவும் சொல்லத் தேவையில்லை. அடக்கத்தன்று அத்தனை தோட்டங்களிலிருந்தும் நீங்கள் வந்திருந்தீர்கள். கோ, சேய், மால் என்று தாய்மார் பிள்ளைகளைக் கூப்பிடுவது கூட்டத்துக்குள்ளிருந்து கேட்டுக்கொண்டே இருந்தது. அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது ஒரு பழக்கம். பெயரை எழுதியதும் பதிவேட்டைத் தகப்பன் பக்கம் திருப்பி, உரத்து வாசிக்கச் சொல்கிறேன். வாசிக்கத் தெரியாதவருக்கு நான் வாசித்துக் காட்டி, அதுதானா என்று கேட்கிறேன். அதன் பிறகே ஒப்பமிடுகிறேன். வரிசை நீள்கிறது என்று முறைப்பாடும் வந்திருக்கிறது. வரட்டும்.

போன கிழமை வில்கமுவவிலிருந்து ஓர் இளந்தகப்பன் வந்தார். "நீங்களே ஒரு நல்ல பேரா பாத்து எழுதிருங்க சேர், படிச்சவங்க" என்றார். நான் பேனையை மூடி வைத்தேன். "வீட்டில் பேசிக்கொண்டு வாங்கோ தம்பி. பேர் வைக்கிறது நீங்கள். நான் எழுதுறவன் மட்டுந்தான்." இரண்டு பஸ் மாறி வந்தவரைத் திருப்பி அனுப்பியது எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது. மூன்றாம் நாள் மனைவியையும் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வந்தார். அவர்கள் சொன்ன பெயர் நான்கு சொற்கள் நீளம். மிஸிக்குச் சற்றும் பிடித்திருக்காது. கட்டம் போதவில்லை. ஓரத்தில் மடக்கி, ஓர் எழுத்தும் குறையாமல் எழுதினேன்.