சொந்த ஊர் என்ற கட்டம்

மாணவர்களின் அந்தரங்கத்தைக் கேட்கும் ஒரு படிவத்தில் 'சொந்த ஊர்' என்ற கட்டத்தைச் சேர்க்கச் சொன்ன மேதை நான்தான். வயது ஐம்பத்தொன்று. திருக்காட்டுப்பள்ளியிலிருந்து தினமும் பஸ்ஸில் தஞ்சாவூர் வந்து கல்லூரியில் தமிழ் நடத்துபவன். படித்த புத்தகங்களுக்கு வீட்டில் அலமாரி போதவில்லை, பயன் இவ்வளவுதான்.

படிவம் உளவியல் முதுகலை இறுதியாண்டு மாணவி ஒருத்தியுடையது. தமிழைத் திருத்தித் தரச் சொல்லி வந்தாள்.

"தாலி, வாக்குறுதி எதுவும் இல்லாம பழகி, படுத்து, பிரிஞ்சுடறாங்கல்ல சார்? அதுல யாரு நிம்மதியா இருக்கா, யாரு மறுநாள் முழுக்க போனையே பாத்துக்கிட்டு உக்காந்திருக்கா, யாரு நெருங்கினாலே ஓடுறா... அதான் ஆய்வு."

காது சிவந்ததை மறைக்க ஓர் ஒற்றெழுத்தைத் திருத்தினேன். பிறகு கேட்டேன்: "ஊரே கேக்கலியேம்மா?"

"பேரே கேக்கல சார்."

"அதனாலதான் ஊராவது கேக்கணுங்கறேன். மொட்டையா இருக்கு."

எங்கள் பக்கம் பஸ்ஸில் அடுத்த சீட்காரரிடம் ஊர் கேட்காமல் ஜன்னலைக்கூட மூடச் சொல்ல மாட்டோம். பாவம், சேர்த்துவிட்டாள்.

முதுகலை வகுப்புகளில் நூறு படிவம் கொடுத்தாள். பெட்டியில் விழுந்தவற்றில் ஒன்று தவிர அத்தனையிலும் அனுபவம்: 'இல்லை'. கற்பு கடைமடை வரை தடையில்லாமல் பாய்ந்திருந்தது. காவிரிக்கே அது வாய்ப்பதில்லை. துறையும் ஊரும் தெரிந்தால் இங்கே யார் வீட்டுப் பெண், எந்தத் தெரு என்பதுவரை சொல்லிவிடுவார்களே! அந்த ஒருத்தி மட்டும், 'உண்டு. ரெண்டு வருஷமா. போன் வரலேன்னா சோறு இறங்காது' என்று எழுதிவிட்டு, ஊர்க் கட்டத்தில், 'சொன்னா எங்க சித்தப்பாவுக்குத் தகவல் போயிடும்' என்று முடித்திருந்தாள்.

"எல்லாரும் முனிவரா இருந்தா நான் எதை சார் ஒப்பிடறது? பத்து நாள்ல ஆய்வைக் கொடுக்கலேன்னா என் வருஷமே போச்சு." படிவக் கட்டை என் மேசைமேல் வைத்தாள்.

கட்டத்தை எடுத்துவிட்டு மறுபடி அச்சடித்தாள். குற்ற உணர்ச்சியில், எண்ணிக்கைக்காவது உதவுவோமென்று நானும் ஒன்றை ரகசியமாக நிரப்பிப் போட்டேன். வயது: இருபத்திரண்டு. பழகியவர்கள்: மூவர். சுபாவம்: நெருங்கினால் ஓடுபவன். உண்மையில் அந்த வயதில் என்னைப் பார்த்துத்தான் மற்றவர்கள் ஓடினார்கள்.

ஒரு வாரம் கழித்துச் சிரித்துக்கொண்டே வந்தாள். "உண்மை கொட்டிடுச்சு சார். ஆய்வு பொழச்சுது. ஒண்ணை மட்டும் கிழிச்சுப் போட்டுட்டேன்."

"ஏம்மா?"

"கட்டமே இல்லாத தாள்ல, ஓரமா திருக்காட்டுப்பள்ளின்னு எழுதியிருந்தீங்க. எழுதாம இருந்தாலும் உங்க கையெழுத்தை வச்சே கிழிச்சிருப்பேன் சார். அந்த மூணு பேரை யாரும் நம்பமாட்டாங்க."